அயல்நாட்டில் அடியெடுத்து வைப்போர்
(பங்கு இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிள்ளைகளுள் ஒருவரையேனும் கடல் கடந்து அனுப்பாத வீடு நம் பங்கில் இன்று அரிதாகி வருகிறது. நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு விமானம் ஏற்றிவிடுகிறோம். மூன்று மாதம் சென்றபின், "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துக்கொள்ளும் பிள்ளையின் உள்ளம் நமக்கு விளங்குகிறதா?

1954-ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரில், கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் அறிஞர் மகளிர் மன்றமொன்றில் இதைப் பற்றியே பேசினார். எப்போது கைகுலுக்குவது, எவ்வளவு இனாம் கொடுப்பது, எந்த அழைப்பை ஏற்பது என்பனவற்றைச் சொந்த ஊரில் நாம் யோசியாமலே செய்கிறோம். புது நாட்டில் இந்த அடையாளங்கள் யாவும் மறைந்துவிட, மனிதன் தரையில் விழுந்த மீனாகிறான். இதையே அவர் பண்பாட்டு அதிர்ச்சி என்றார். முதலில் எல்லாம் இனிக்கும். பிறகு எரிச்சலும் ஏக்கமும் வரும். மொழி பழகப் பழகத் தெளிவு பிறக்கும். முடிவில் அந்த ஊரும் நம் ஊராகும்.

டொரொன்டோ நகரை எண்ணிப் பாருங்கள். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பவர் பதிலுக்குக் காத்திராமல் நடந்துவிடுவார். அது அலட்சியமன்று, நம் வணக்கத்தைப் போன்றதே. இதை அறியாத பிள்ளை, தன்னை யாரும் மதிக்கவில்லை என்று மனம் நோகிறான்.

செல்வோருக்கு ஒரு சொல்: நம்மவரோடு மட்டும் கூடி அந்நாட்டைக் குறை கூறிக்கொண்டிராதீர்கள். விளங்காததைக் கேளுங்கள், அவ்வூரார் ஒருவரையாவது நண்பராக்கிக் கொள்ளுங்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் நம்மவரானது தமிழைக் கற்றதால் அன்றோ?

பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளை வாய் திறக்கும்போது கடன் கணக்கை எடுக்காதீர்கள். "திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும்?" என்ற கேள்வி அவன் வாயை அடைத்துவிடும். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், மருத்துவரிடமோ கல்லூரி ஆலோசகரிடமோ செல்லச் சொல்லுங்கள். அது வெட்கமன்று.

இறுதியாக, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் தெருக்களில் வீடு கட்டும் இளைஞர்களுக்கும் மொழி புரியவில்லை. அவர்கள் தாயும் தொலைபேசியருகே காத்திருக்கிறாள். நம் பிள்ளைக்கு அங்கே ஒருவர் முகம் மலர வேண்டுமென்று செபிக்கும் நாம், இங்கே அவர்களுக்கு முகம் மலர்வோமாக.