முன்பதிவில் நிதானம்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

பயணம் புறப்படும் ஒருவர் இன்று முதன்முதலில் நிற்கும் வாசல் விமான நிலையமன்று, கைபேசித் திரை. பாஸ்போர்ட் சேவை மையத்திற்குச் செல்ல நேரம் வாங்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோர் விசா நேர்காணலுக்கு நேரம் வாங்க வேண்டும். மதீனா முனவ்வராவில் ரவ்ழா ஷரீஃபில் தொழுவதற்கும் 'நுஸுக்' செயலியில் நேரம் பதிந்தாக வேண்டும். இவ்வாறு நேரம் தேடும்போது, “உங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது” என்னும் அறிவிப்பைக் கண்டு கலங்கி, பள்ளிவாசலுக்கு வந்து முறையிடுவோர் பலர்.

அம்முறையீடுகளில் ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. “ஹஜ்ரத், நம் பெயரைப் பார்த்துத்தான் பூட்டிவிட்டார்கள்” என்கிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. பெயரால் வாடகை வீடு மறுக்கப்பட்டவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். அந்த வலி பொய்யன்று. ஆயினும் நீதி என்பது, எது அநியாயம், எது அநியாயமன்று என்று பிரித்தறிவதிலிருந்தே தொடங்குகிறது. இந்தத் தற்காலிக முடக்கத்தைச் செய்வது பெரும்பாலும் மனிதரன்று, எந்திரம். அது பெயரைப் பார்ப்பதில்லை; கதவு எத்தனை முறை தட்டப்பட்டது என்றே எண்ணுகிறது.

ஏன் எண்ணுகிறது? இடைத்தரகர்கள் சிலர் தானாக இயங்கும் மென்பொருளை வைத்து, நொடிக்குப் பலமுறை தளத்தைத் தட்டி, திறக்கும் நேரங்களையெல்லாம் வாரிக்கொண்டு, பின்னர் ஏழை எளியவருக்கு விலைக்கு விற்கிறார்கள். 2025 மார்ச்சில், இவ்வாறு மென்பொருள் மூலம் பிடிக்கப்பட்ட ஏறத்தாழ 2,000 விசா நேரங்களை ரத்துச் செய்வதாக இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் அறிவித்தது. அவற்றோடு தொடர்புடைய கணக்குகளின் முன்பதிவு உரிமையையும் நிறுத்தி வைத்தது. நமது இரயில்வேயிலும் இதே நோய்தான். ஆகவேதான் 2025 ஜூலை 1 முதல், இணையத்தில் தத்கல் பயணச்சீட்டு எடுக்க ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு கட்டாயமாக்கப்பட்டது.

முதல் ஸஃப்பில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, வெளியே கடைத்தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பவரை நாம் அறிவோம். (பெயர் சொல்ல மாட்டோம், அவர் இங்கேயேதான் அமர்ந்திருக்கிறார்.) முந்தி வந்து அமர்ந்தவரை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்பவனின் ஹக்கு அத்தகையது. காசு கொடுத்துத் தரகரிடம் நேரம் வாங்குபவர், தமக்கு முன்னே நின்ற ஒருவரின் ஹக்கை வாங்குகிறோமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

தரகரைத் தடுக்கப் போட்ட வேலியில் நல்லவர்களும் சிக்குவது எப்படி? அவசரத்தால்தான். பக்கம் திறக்கத் தாமதமானால் விரல் சும்மா இருப்பதில்லை. புதுப்பி, புதுப்பி என்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. தந்தையின் கணக்கை மகன் துபாயிலிருந்தும், மருமகன் சென்னையிலிருந்தும், பேரன் வீட்டுக் கூடத்திலிருந்தும் ஒரே வேளையில் திறக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் ஒரு கணக்கு ஒரே நேரத்தில் மூன்று ஊர்களில் திறந்தால், திருடன் புகுந்துவிட்டான் என்றே எந்திரம் கருதும். கடவுச்சொல்லை மறந்துவிட்டு ஊகித்து ஊகித்து அடிப்பதும் அப்படியே. இரண்டு முறை தவறினால் மூன்றாவது ஊகம் வேண்டாம். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்னும் வழியில் புதிதாக மாற்றிக்கொள்வதே முறை.

இன்னொன்றை நம்மில் பலர் அறியமாட்டார்கள். ஒரே வைஃபையில் பத்துப் பேர் இணைந்திருந்தால், வெளியே உள்ள தளத்திற்கு அப்பத்துப் பேரும் ஒரே முகவரியாகவே தெரிவார்கள். பிரௌசிங் சென்டரிலும் இதே நிலைதான். ஒருவர் செய்யும் அவசரத்திற்கு மற்ற ஒன்பது பேரும் வெளியே நிற்க நேரிடும். கைபேசி இணையத்திலும்கூட ஒரே முகவரியைப் பலர் பகிர்வதுண்டு; ஆதலால் தம்மிடம் எக்குறையும் இல்லாமலே சிலர் முடக்கப்படுவதும் உண்மையே. அது சோதனை, ஸப்ரு செய்யத்தான் வேண்டும். ஊரை மறைத்துக்காட்டும் விபிஎன் செயலிகளை அவ்வேளையில் அணைத்து வையுங்கள். அவை ஐயத்தை வளர்க்கும்.

முடக்கப்பட்டுவிட்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாமல் இருப்பதே முதல் வேலை. அறிவிப்பில் கூறிய காலம் முடியும் வரை உள்ளே நுழைய முயல வேண்டாம். சில தளங்களில் ஒவ்வொரு முயற்சியும் தடைக்காலத்தை நீட்டும். அதைவிட மோசமானது, வேறொரு மின்னஞ்சலில் அதே பாஸ்போர்ட் எண்ணுக்கு இரண்டாவது கணக்குத் தொடங்குவது. தற்காலிகத் தடை நிலையான சிக்கலாக மாற இதுவே குறுக்குவழி. காலம் கடந்தும் திறக்காவிட்டால், அறிவிப்பைத் திரைப்படமாக எடுத்து, நாளும் நேரமும் குறித்து, அத்தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதற்கும் நியாயமான பதில் வராதபோது அநியாயம் என்று பேச நமக்கு இடமுண்டு. அப்போது ஜமாஅத்தும் துணை நிற்கும்.

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்தபோது, அவர்களின் தலைவரிடமிருந்த பொறுமையையும் நிதானத்தையும் அல்லாஹ் விரும்பும் பண்புகள் என நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். அந்த நபியின் சந்நிதிக்குச் செல்ல நேரம் கேட்கும்போதா நாம் பதற்றப்படுவது? ரவ்ழாவுக்கு 365 நாட்களுக்கு ஒருமுறையே அனுமதி என்று 2023 டிசம்பரில் ஸவூதி ஹஜ், உம்ரா அமைச்சகம் அறிவித்தபோது வருந்தியவர்கள் உண்டு. கோடிக்கணக்கானோர் வர விரும்பும் சிறிய இடம் அது. நமக்கு ஒரு முறை என்பது, இன்னொரு நாட்டு முஃமினுக்கும் ஒரு முறை என்பதாகும். பதிந்த நேரத்திற்குச் செல்ல இயலாதவர் அதை முன்னதாகவே ரத்துச் செய்வது அவர் மீதுள்ள கடமை. விதிகள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் முன் செயலியில் உள்ளதையே பார்த்துக்கொள்ளுங்கள். போய் வந்தவர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

இனி ஓர் அறிவிப்பு. இஷாவுக்குப் பின் மதரஸா அறையில் நம் இளைஞர்கள் முன்பதிவுக்கு உதவுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம் மட்டுமே. வருபவர்கள் பாஸ்போர்ட், ஆதார் ஆகியவற்றின் அசலையும், ஓடிபி வரும் கைபேசியையும் கையோடு கொண்டு வாருங்கள். கடவுச்சொல்லை எந்த இளைஞரிடமும் சொல்ல வேண்டாம். நீங்களே அடியுங்கள், பார்வை குறைந்தவர்கள் வீட்டில் ஒருவரை அழைத்து வாருங்கள். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

வஸ்ஸலாம்.