தீபாவளிப் பலகாரமும் தேகாரோக்கியமும்



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, கொத்மலை நீர்த்தேக்கத்தின் மேல் மூட்டம் கவிந்து, தீபாவளி முற்பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்ற பேச்சு கொழுந்து மலையிலும் லயத்து வாசலிலும் எழுந்துவிட்ட இந்த நாட்களில், பண்டிகைப் பலகாரத்தால் சரீரம் பருத்துவிடாமல் காத்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ரொட்டியும் சம்பலுமாகக் காலைப்பொழுதைக் கழித்துவிட்டு, அந்த முற்பணத்தை நம்பி மாவும் சர்க்கரையும் எண்ணெயும் வாங்கக் காத்திருக்கும் ஒரு தாயிடம் போய், பலகாரம் சுடாதே என்று உபதேசிப்பது தர்மமாகாது என்பது என் அபிப்பிராயம். அவள் சுடட்டும், மனம் நிறையச் சுடட்டும். சுட்டது தகரத்துக்குள் எத்தனை நாள் தங்குகிறது என்பதிலேதான் என் கவலையெல்லாம்.

அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிரியமான பலகாரம் அது. பச்சரிசியை ஊறவைத்து வடித்து, ஈரம் முற்றும் உலராத பக்குவத்திலே இடித்து அரித்து, சர்க்கரைப் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து அது விரல்களுக்கிடையே திரண்டு உருளுகிற சமயத்தில் மாவைக் கொட்டிக் கிளறி, நம் மலைக் குளிருக்கு இன்னும் ஒரு நாள் கூடுதலாகவே பொறுத்திருந்து, பிறகு வாழையிலையில் தட்டித் தாச்சியில் இட்டு, எடுத்தவுடன் இரண்டு கரண்டிகளுக்கிடையே வைத்து அழுத்தி எண்ணெயை வடித்து அடுக்குகிற அந்தக் காரியத்தை, என் இளமைக் காலத்தில் லயத்திலே எந்த வீட்டுக்காரியும் தனியாகச் செய்ததில்லை. ஒரு வீட்டு வாசலில் உலக்கை விழும். அடுத்த வீட்டு அடுப்பில் பாகு காயும். முறுக்கு உரல் காம்பராவுக்குக் காம்பரா கைமாறிக்கொண்டிருக்கும். பொழுது விடிந்தால் தட்டுத் தட்டாகப் பலகாரம் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களுக்கும் போகும். சித்திரைப் புத்தாண்டில் அவர்கள் வீட்டுக் கொக்கிஸும் கெவுமும் நம் வீடு தேடி வரும். இப்படி ஒரு வீட்டில் சுட்டதைப் பல வீடுகள் உண்டு தீர்த்தன. விடுமுறை கழிந்து கொழுந்துக்கூடையோடு மலையேறிய தாய்மாருக்கு, உண்டது உடம்பில் தங்க நேரமுமில்லை.

கரண்டியால் அழுத்துகிற அந்தச் சிறு செய்கையைக் கைவிட்டுவிடாதீர்கள், தாய்மார்களே. மாவிலும் சீனியிலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால், எண்ணெயில் ஒரு கிராமுக்கு 9 கலோரி. எண்ணெய் நன்றாகக் காயுமுன்னே மாவைப் போட்டால் பலகாரம் எண்ணெய் குடித்துவிடும் என்று பாட்டிமார் அதட்டியதும் நியாயமே.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் கடமையாற்றிய காலத்தில், சீனி வருத்தமுள்ள ஓர் அம்மா தீபாவளி கழிந்து சில வாரங்களில் வந்திருந்தார். இரத்தத்தில் சீனி வெகுவாக ஏறியிருந்தது. “ரெண்டே ரெண்டு அதிரசம்தான் ஐயா சாப்பிட்டேன்” என்றார். அது உண்மையென்று அவர் முகமே சொல்லிற்று. பொறுமையாக விசாரித்தபோது மேலும் சொன்னார்: “கொழும்பிலருந்து புள்ளைங்க வந்திருந்தாங்க. வாரவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்துறப்ப நானும் கூட ஒரு வாய் குடிச்சேன்.” நேயர்களே, கணக்கைப் பாருங்கள். தலைதட்டி அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம்; கோப்பைக்கு மூன்று கரண்டி வீதம் ஐந்து கோப்பை குடித்தால் 60 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேற்படாமலும், கூடுமானால் 25 கிராமுக்குள்ளும் சீனியை நிறுத்திக்கொள்ளும்படி உலக சுகாதார ஸ்தாபனம் கேட்டுக்கொண்டிருக்கிறது. விருந்தினர் வருகிற வீட்டில், அதிரசத்தைத் தொடுமுன்னே அந்த எல்லையை நாம் கடந்துவிடுகிறோம். கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த நம் பெரியவர்களின் பழக்கம் எவ்வளவு சிறந்தது! பலகாரம் உண்கிற நாளில் அந்தக் கருப்பட்டிக்கும் அவசியமில்லை. அதிரசத்தின் இனிப்பே தேத்தண்ணிக்குப் போதும்.

அமெரிக்காவில் 195 பேரைப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சராசரியாக அவர்களுக்கு ஏறியது அரைக் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் ஏறிய அந்த எடை அடுத்த வருஷத்திலும் இறங்கவில்லை என்பதே அதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். கொழும்புக் கடைகளில் நாளெல்லாம் நின்றும் உட்கார்ந்தும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, அம்மா கட்டிக்கொடுக்கும் முறுக்குப் பொட்டலம் கார்த்திகை வரைக்கும் நீடிக்கிறது. மலையேற்றமோ அவர்களுக்கு இல்லை. பிள்ளைகளே, போய்ச் சேர்ந்த அன்றைக்கே பொட்டலத்தை அவிழ்த்து உடன் வேலை செய்பவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். மென்பானப் போத்தல்களில் 2016ஆம் ஆண்டு முதல் நமது சுகாதார அமைச்சு போடச் செய்திருக்கும் வர்ண அடையாளத்தையும் வாங்குமுன் பாருங்கள். சிவப்பானால் சீனி மிகுதி.

ஒன்று சொல்ல மறக்கலாகாது. எடை குறைந்த குழந்தைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டு அவர்கள் கையிலிருக்கும் பயற்றம் உருண்டையை யாரும் பிடுங்கிவிடக் கூடாது. இது இடுப்பளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டிய ஆண்களுக்கும் 80ஐத் தாண்டிய பெண்களுக்கும் உரிய பேச்சு.

நேரம் நெருங்கிவிட்டது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் பண்டிகையன்றும் அதை நிறுத்த வேண்டாம். சோற்றுக்குப் பின் ஓர் அதிரசம், சீனியில்லாத தேத்தண்ணி, மாலையில் மழை விட்டிருந்தால் கோயில் வரைக்கும் ஒரு நடை. இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் பலகாரத் தகரம் மூன்றாம் நாளே காலியாகி, லயத்திலுள்ள எல்லார் வீட்டுக்கும் ஒரு தட்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமென்று விரும்பி விடைபெறுகிறேன்.