ஒரே தோணியில் இருவர்
(வட்டத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெய்தலைப் பற்றிப் பேச வேண்டும் என்று பணித்தார்கள். நெய்தற் பாடல்களில் என்னினும் ஆழ்ந்து தோய்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். ஆதலால் நான் கரையைவிட்டுச் சற்று விலகி, கடலையே குடியிருப்பாகக் கொண்ட சில தம்பதியரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்கள் நம் மொழியினர் அல்லர். நம் திணை மரபை அறிந்தவர்களும் அல்லர். எனினும் அவர்கள் வாழ்வு நம் மரபை நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறது. அக்கேள்வியை உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

தொல்காப்பியத்தில் ஒரு விதி உண்டு. கடல்வழிச் செல்லும் பயணத்தில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது அதன் கருத்து. அவ்விதிக்கு வேறு பொருள் கொண்ட உரையாசிரியரும் உண்டு. எவ்வாறு கொண்டாலும், நம் அகப்பாடல்களில் பெண் கரையிலேயே நிற்கிறாள் என்பதை மறுக்க இயலாது. கழியும் கானலும் புன்னை நிழலும் அவளுக்கு உரியவை. அலைக்கு அப்பால் உள்ளது அவளுக்கு உரியதன்று. கடல் அவளிடமிருந்து ஒருவனைப் பிரித்து வைக்கிறது, அவள் இரங்குகிறாள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று நாம் கற்றது இதனால்தான். காப்பியக் காலத்து ஆதிரையும் கரையில் நின்றவளே. கலம் உடைந்து சாதுவன் இறந்தான் என்ற செய்தி கேட்டு அவள் தீப்புகுந்தாள்.

அவ்வாறாயின், இருவரும் ஒரே தோணியில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? பிரிவு இல்லாத கடலில் இரங்கலின் இடத்தில் எது வந்து அமரும்? இதுவே நான் கூறிய கேள்வி.

மைல்ஸ் ஸ்மீட்டன், பெரில் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயத் தம்பதியரை இங்கே நினைவுகூர்கிறேன். மைல்ஸ் இந்தியப் படையில் பணியாற்றி, பர்மாப் போர்முனையைக் கண்டவர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இருவரும் கனடாவின் மேற்குக் கரையில் ஒரு தீவில் குடியேறினர். கடற்பயண அனுபவம் மிகுதியாக இல்லாத நிலையிலேயே, நாற்பத்தாறு அடி நீளமுள்ள, இரண்டு பாய்மரம் கொண்ட ஒரு மரக்கலத்தை இங்கிலாந்தில் விலைக்கு வாங்கினர். அது 1938இல் ஹாங்காங்கில் கட்டப்பட்டது. அதன் பெயர் சூ ஹாங். கருணையின் தோணி என்று அச்சீனச் சொற்களுக்குப் பொருள் கூறலாம். துன்பக் கடலில் தத்தளிப்போரைக் கரையேற்றும் குவான்யின் என்னும் பௌத்தத் தெய்வத்தோடு தொடர்புடைய பெயர் அது. கடலில் தவிப்போரைக் காக்கும் மணிமேகலா தெய்வத்தை அறிந்த நமக்கு அப்பெயர் அந்நியமானதன்று.

1956 டிசம்பரில் அவர்கள் மெல்போர்னிலிருந்து புறப்பட்டார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றி இங்கிலாந்து சேர்வது திட்டம். ஜான் கஸ்வெல் என்னும் இளைஞரும் உடன் சென்றார். தன் கையால் கட்டிய இருபதடிப் படகில் உலகைச் சுற்றிக்கொண்டிருந்தவர், தன் பயணத்தை நடுவில் நிறுத்திவிட்டு இவர்களோடு சேர்ந்தார். ஒரு பூனையும் இருந்தது.

1957 பிப்ரவரி 14ஆம் நாள், ஹார்ன் முனைக்கு மேற்கே ஏறத்தாழ ஆயிரம் மைல் தொலைவில், சுக்கான் பிடித்திருந்தவர் பெரில். பின்னாலிருந்து எழுந்த ஒரு பேரலையில் கலத்தின் அணியம் நீருக்குள் புதைய, அமரம் மேலெழுந்து, கலம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. மீண்டும் நிமிர்ந்தபோது இரண்டு பாய்மரங்களும் இல்லை. சுக்கான் இல்லை. மேல்தளத்து அறை பிய்ந்துபோய், அவ்விடத்தில் கடல் உள்ளே பாயும் பெருந்துளை திறந்து கிடந்தது. பெரிலின் இடுப்புக் கயிறு அறுந்து, அவர் கலத்திலிருந்து பல கஜ தூரத்தில் அலைகளுக்கிடையே மிதந்துகொண்டிருந்தார். தோளில் காயம்பட்ட நிலையில் நீந்தி வந்தார். இரு ஆடவரும் அவரை மேலே இழுத்தனர்.

இங்கே நம் மரபு அறிந்த காட்சி எதுவும் இல்லை. இரங்குவதற்கு நேரமில்லை. முழங்காலுக்கு மேல் நீர் நிற்கிறது. காயம்பட்ட பெண்ணும் வாளியை எடுக்கிறாள். மணிக்கணக்காக நீரை இறைக்கிறார்கள். கஸ்வெல் தச்சுத் தொழில் அறிந்தவர். கிடைத்த பலகைகளைக் கொண்டு துளையை மூடினார். உள்ளறையின் மரங்களைக் கழற்றி ஒட்டிச் சேர்த்து ஒரு சிறு பாய்மரம் செய்தார். சுக்கானுக்குப் பதிலாக ஒரு நீண்ட துடுப்பு. அந்த ஊனக் கலம் ஒரு மாதத்திற்கும் மேலாகத் தவழ்ந்து சிலி நாட்டுக் கரையிலுள்ள கொரொனெல் என்னும் நிலக்கரித் துறைமுகத்தை அடைந்தது.

கொரொனெலுக்கு அருகிலுள்ள தால்காவானோவில் சிலிக் கடற்படையின் கப்பல் தளம் இருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் செப்பனிடும் வேலை நடந்தது. யாரோ ஒரு வேற்றுநாட்டுத் தம்பதியரின் உடைந்த படகு அது. அவர்கள் மொழி வேறு, அந்தத் தளத்தின் தொழிலாளர் மொழி வேறு. ஆயினும் பலகைக்குப் பலகை பொருத்தும்போது மொழி தேவைப்படுவதில்லை. அளவு சரியாக இருந்தால் போதும். எவர் துணையும் வேண்டாம், எம் தோணி எமக்குப் போதும் என்று புறப்படுகிறவர்கள், உலகிலேயே மிகுதியாகப் பிறர் கைகளை நம்பி வாழ்கிறவர்களாக ஆகிவிடுகிறார்கள். கடலோடியின் சுதந்திரம் என்று நாம் பாடும் பொருள் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு தச்சனிடமும் ஒரு கொல்லனிடமும் கைகட்டி நிற்கிறது.

அவர்கள் 1957 டிசம்பரில் மீண்டும் புறப்பட்டார்கள். இம்முறை இருவர் மட்டுமே. அம்மாத இறுதிக்குள் கலம் மறுபடியும் உருண்டு கவிழ்ந்தது. பாய்மரங்கள் மறுபடியும் போயின. எப்படியோ வால்பரைசோவை அடைந்தார்கள். அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே தோணியில் ஏறியதால் கரையில் காத்திருப்பவர் இல்லாமற் போய்விடவில்லை. காத்திருப்பவர் மாறினார், அவ்வளவே. இதை மறைத்துவிட்டு அவர்களின் வீரத்தை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. வலையோடு செல்லும் மீனவனுக்குக் கடல் ஒரு தெரிவன்று. இவர்களுக்கு அது தெரிவு. அந்த வேறுபாட்டைக் கவிஞன் மறக்கலாகாது.

தெரிவின்றிக் கடல் கடந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது பசிபிக்கின் மற்றொரு பகுதிக்கு, பிஜித் தீவுகளுக்கு, உங்களை அழைத்துச் செல்ல வேண்டியவனாகிறேன். பாய்மரத் தம்பதியர் பலர் இன்றும் நாடிச் செல்லும் தீவுகள் அவை. நமக்கோ அவை வேறொரு காரணத்தால் தெரிந்தவை. 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது அக்கப்பல்களுக்கு விதித்த கணக்கு. பெண்ணைக் கடலில் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்ற பழைய விதியை நம்மிடையே முறித்தது காதலன்று. கரும்புத் தோட்டத்தின் கணக்கேடு. பாரதியார் அத்தீவைக் கண்டவரல்லர். அப்பெண்களின் அழுகையை இங்கிருந்தே கேட்டுப் பாடினார். அதே நீரில்தான் இன்று வெண்பாய்கள் விரிகின்றன.

அத்தீவுகளின் சிற்றூர்களுக்குப் பாய்க்கலத்தில் செல்வோர் ஒரு முறைமையைக் கடைப்பிடிக்கிறார்கள். சேவுசேவு என்பது அதன் பெயர். ஊருக்கு எதிரே நங்கூரம் இட்டதும் நீந்தவோ மீன்பிடிக்கவோ கூடாது. அங்கே கரை மட்டுமன்று, கரையை ஒட்டிய கடலும் மரபுப்படி அவ்வூருக்கு உரியது. முதலில் யங்கோனா என்னும் செடியின் உலர்ந்த வேர்க்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கரைக்குச் செல்ல வேண்டும். தலையில் தொப்பி இருத்தலாகாது. பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் முழங்காலை மறைக்கும் துணி உடுத்தியிருக்க வேண்டும். ஊர்ப்பொறுப்பாளர் தலைவரிடம் அழைத்துச் செல்வார். பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, வேர்க்கட்டை அவர் முன்னே வைக்க வேண்டும். அவர் அதை ஏற்று, முன்னோரை நினைந்து சில சொற்கள் கூறுவார். கைகளைக் குவித்துத் தட்டும் ஒலி எழும். வேரை இடித்து நீரில் கரைத்த பானத்தைச் சிரட்டையில் தருவார்கள். அதன்பின் வந்தவர்கள் விருந்தினர் மட்டுமல்லர். அவ்வூரின் பாதுகாப்பில் இருப்பவர்கள்.

இதைக் கேட்டபோது எனக்குச் சாதுவனே நினைவுக்கு வந்தான். ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்கிய அவனை அவர்கள் உண்ண எண்ணினர். அவன் அவர்கள் மொழியில் பேசியதால் உயிர் பிழைத்தான். அவர்கள் தலைவன் முன் அழைத்துச் செல்லப்பட்டான். கலம் உடைந்து வருவோரின் உயிரைக் காக்க வேண்டும் என்று அத்தலைவனுக்கு அறம் உரைத்த பின்னரே விடைபெற்றான். அயற்கரையில் மனிதனைக் காப்பது வாளன்று. அவர்கள் மொழியில் ஒரு சொல், அவர்கள் முறைமையில் ஒரு பணிவு. சாத்தனார் அறிந்திருந்த இவ்வுண்மையைப் பிஜியின் பாயில் அமரும் கடலோடி இன்றும் கற்றுக்கொள்கிறார். கூலிக்கப்பல்களை அனுப்பிய பேரரசு எவரிடமும் இவ்வாறு அனுமதி கேட்டதில்லை என்பதையும் உடன்வைத்து எண்ணுங்கள்.

கரையிலிருந்து படகுக்கு வந்த உதவி, படகிலிருந்து கரைக்கும் திரும்பிச் செல்வதுண்டு. லின், லாரி பார்டி என்ற தம்பதியர் இருபத்துநான்கு அடிப் படகொன்றைத் தம் கையாலேயே கட்டி 1968இல் நீரில் இறக்கினர். அதில் இயந்திரம் கிடையாது. பதினோராண்டுகளில் உலகைச் சுற்றினர். கைச்செலவுக்குப் பணம் குறையும்போது துறைமுகத்தில் தங்கிப் பிறர் படகுகளைப் பழுதுபார்த்தனர். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் பிஜியைத் தாக்கி 44 பேரைப் பலிகொண்டபோது, தொலைத் தீவுகளுக்கு உணவும் கருவிகளும் ஏற்றிச் சென்றவற்றுள் இத்தகைய பாய்க்கலங்களும் இருந்தன. வேர்க்கட்டை வாங்கிக்கொண்டு இடம் தந்த ஊர்களுக்கு அவை கூரைத் தகட்டோடு திரும்பின.

நண்பர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது என் விடையைக் கூறுகிறேன். இருவர் ஒரே தோணியில் ஏறினால் இரங்கலின் இடத்தில் வந்து அமர்வது செப்பனிடுதல். ஒருவர் துயில ஒருவர் விழித்திருக்கும் முறைக்காவலும், கிழிந்த பாயை இருவரும் இரு முனையில் பிடித்துத் தைப்பதும், சினம் ஆறும்வரை போய் ஒதுங்கி நிற்க வேறிடம் இல்லாத இருபத்துநான்கு அடியில் மீண்டும் பேசத் தொடங்குவதும் எல்லாம் செப்பனிடுதலே. அது பிரிவைப்போல உருக்கமானதன்று. அதற்கு நிலவும் புன்னையும் வேண்டியதில்லை. ஆணியும் நூலும் பொறுமையும் வேண்டும். ஆனால் அதுவும் காதலின் ஒழுக்கமே என்று நான் துணிகிறேன்.

அதைப் பாடச் சொற்கள் இல்லையே என்று எவரும் கூற வேண்டாம். அணியம், அமரம், சுக்கான், பருமல், பலகைச் சந்தில் பஞ்சு திணித்து நீர் புகாமல் அடைக்கும் கலப்பத்து என்று எத்தனையோ சொற்களை நம் கடற்கரை மக்கள் காத்துவந்திருக்கிறார்கள். நம் ஏடுகளில்தான் அவை ஏறவில்லை. கரையில் நின்று கடலைப் பாடியவர்களுக்கு அலை என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்துவிட்டது.

ஸ்மீட்டன் தம்பதியரின் கதையை முடித்துவிடுகிறேன். முதல் முயற்சிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1968 டிசம்பரில், அதே சூ ஹாங்கில், காற்றுக்கு எதிர்த்திசையில் கிழக்கிலிருந்து மேற்காக ஹார்ன் முனையைச் சுற்றினார்கள். அப்போது இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பின்னர் கடலைவிட்டு, கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், கடலே கண்ணுக்கெட்டாத புல்வெளி ஓரத்தில் குடியேறினார்கள். அங்கே என்ன செய்தார்கள்? காயம்பட்டும் தாயை இழந்தும் வந்த காட்டு விலங்குகளுக்குப் புகலிடம் அமைத்தார்கள். கனடாவில் அற்றுப்போயிருந்த ஒரு சிறு நரியினத்தை மீண்டும் தழைக்கச் செய்யும் பணியை 1973இல் தொடங்கினார்கள். பெரில் 1979இலும் மைல்ஸ் 1988இலும் மறைந்தனர். மகள் அப்பணியைத் தொடர்ந்தார். கரையில் காத்திருந்த அந்தப் பிள்ளைதான்.

உடைந்ததைச் சேர்க்கும் பழக்கம் ஒருமுறை கையில் ஏறிவிட்டால் தோணியைவிட்டு இறங்கிய பின்னும் அது கையைவிட்டு இறங்குவதில்லை போலும். கருணைத் தோணி என்ற பெயரை அவர்கள் கலத்தோடு விலைக்கு வாங்கினார்கள். அதன் பொருளை அவர்களுக்குக் கற்றுத்தந்தவர்கள் தால்காவானோவின் தச்சர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பத்தாண்டுகள் ஒரு வட்டம் நிலைப்பதும் இத்தகையதே. பிரிந்தவர் உண்டு, சினந்து போய்த் திரும்பியவர் உண்டு, சந்துகளில் பஞ்சு திணித்தவர் உண்டு. இத்தோணி இன்னும் மிதக்கிறது. அடுத்த பத்தாண்டில் இந்த அவையிலிருந்து, ஒரு பெண் சுக்கான் பிடித்திருக்கும் நெய்தற் பாடல் ஒன்று எழ வேண்டும் என்று வேண்டி அமைகிறேன்.