குரலும் கணக்குப் பேரேடும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இளைஞர்க்குரிய தொழில்கள் என்னும் வரிசையில் பேசுமாறு கழகத்தார் எம்மைப் பணித்தனர். ஆசிரியப் பணி, அலுவலகப் பணி, காவல் பணி ஆகியன குறித்து எமக்கு முன் பேசியோர் நன்கு விளக்கிவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள், கிறித்தவ இசைத்துறையில் மேலாண்மையும் கலைஞரை உருவாக்குதலும் என்பதாகும். இப்படியும் ஒரு தொழில் உண்டா என்று சிலர் வியக்கக்கூடும். உண்டு. இதனை நாம் தேர்ந்ததற்குக் காரணம் எமது வகுப்பறையிலேயே இருக்கிறது.

எம்மிடம் ஆங்கிலம் பயின்ற மாணவர் ஒருவர் பள்ளியை விட்டபின் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, எட்டுக் கிறித்தவப் பாடல்களைப் பாடினார். 1999ஆம் ஆண்டில் ஒருவர் அவற்றைப் பதிவு செய்து ஒலிநாடாவாக வெளியிட்டார். பாடியவர் கையில் ஒரே ஒரு முறை 1,500 ரூபாய் கொடுக்கப்பட்டது. ஆங்கிலத் தாள் ஒன்றில் கையொப்பமும் பெறப்பட்டது. பல மாதங்கள் சென்றபின் அத்தாளின் நகலை எம்மிடம் கொண்டுவந்து, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். எட்டுப் பாடல்களின் உரிமை முழுவதையும் எக்காலத்திற்கும் விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. அவர் இன்று கட்டட வேலைக்குச் செல்கிறார். அவருடைய பாடல்கள் கூட்டங்களில் இன்றும் ஒலிக்கின்றன.

நண்பர்களே, அம்மாணவருக்கு மூன்றாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர் நாமே. தேர்வில் வெற்றி பெறச் செய்தோம். ஆயின், ஓர் ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் கொள்ளக் கற்பித்தோமில்லை. இக்குறையை உணர்ந்த நாள்முதல், பாடும் மக்கள் தம் பாட்டின் பயனைத் தாமே காத்துக்கொண்ட வரலாறு எங்கேனும் உண்டா என்று தேடிப் படித்தோம். அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் அத்தகைய வரலாறு ஒன்று கிடைத்தது.

அந்நகரின் கறுப்பின மக்களிடையே வளர்ந்தது காஸ்பல் இசை, அதாவது நற்செய்தி இசை. அதன் தந்தை எனப் போற்றப்படுபவர் தாமஸ் டார்சி. இவர் 1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். புளூஸ் என்னும் உலகியல் இசையில் பெயர்பெற்ற பியானோக் கலைஞராக இருந்து, பின்னர்த் தேவாலயப் பாடல்களுக்குத் திரும்பினார். அவர் இசையில் புளூஸின் சாயல் இருந்தமையால் பல ஆலயங்கள் அவரை ஏற்க மறுத்தன. கடன் வாங்கித் தம் பாடல் ஒன்றின் 500 அச்சுப்படிகளை ஆலயங்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். முதல் வேண்டுகோள் வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின என்று அவரே பிற்காலத்தில் கூறினார்.

1932இல் அவர் சொந்தமாக ஒரு பாடல் பதிப்பகத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவருடைய மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்தார். பிறந்த குழந்தையும் இறந்தது. அத்துயரத்திற் பிறந்த பாடலே பின்னர் உலகெங்கும் பரவியது. பாட்டு இருந்தது, பதிப்பகமும் இருந்தது. ஆனால் விற்றது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை.

இந்நிலையில் அவருடன் வந்து சேர்ந்தவர் சாலி மார்ட்டின் என்னும் பெண்மணி. 1895இல் ஜார்ஜியாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். வீட்டு வேலையும் சலவை வேலையும் செய்து பிழைத்தவர். இசைக்குறிப்பைப் படிக்க அவருக்குத் தெரியாது. அவர் பாடும் முறைகூடத் தொடக்கத்தில் டார்சிக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் டார்சியிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. அதுவே கணக்கறிவும் ஒழுங்கும். விற்பனையை ஒழுங்குபடுத்தினார். ஊர் ஊராகச் சென்று ஆலயங்களில் பாடற்குழுக்களை அமைத்தார். குழு அமைந்த இடத்தில் பாடலுக்குத் தேவை பிறந்தது. தேவை பிறந்த இடத்தில் அச்சிட்ட பாடல் விற்றது. 1933இல் காஸ்பல் பாடற்குழுக்களின் தேசிய மாநாடு கூடியபோது, அதனை நாடெங்கும் வளர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

1940இல் அவர் டார்சியை விட்டுப் பிரிந்து, கென்னத் மாரிஸ் என்னும் இசைஞருடன் சேர்ந்து மார்ட்டின் அண்டு மாரிஸ் என்னும் பாடல் பதிப்பகத்தை நிறுவினார். சலவை செய்த கைகள் இப்போது ஒரு நிறுவனத்தின் பேரேட்டைப் புரட்டின. பாடல் இயற்றியோர் பலருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர்கள் பாடிக்காட்ட, மாரிஸ் அதனைத் தாளில் எழுதி அச்சேற்றுவார். கறுப்பின மக்களின் பாடல்கள் கறுப்பின மக்களின் நிறுவனத்தாலேயே அச்சாகி, அஞ்சல் வழியே நாடெங்கும் சென்றன. அந்நிறுவனம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடைபெற்றது. அதன் ஏடுகள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன.

கலைஞரை உருவாக்குதலும் இவர்களிடையே நடந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மஹாலியா ஜாக்சன் இளமையில் டார்சியின் பாடல்களைப் பாடிக்காட்டி, அவருடைய பயிற்சியில் வளர்ந்தவர். சாலி மார்ட்டின் அமைத்த பெண்கள் குழுவில் பாடிய இளம்பெண் ஒருவர், பின்னர் டைனா வாஷிங்டன் என்னும் பெயரில் புகழ்பெற்றார்.

இனி, இத்தொழிலின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுவோம். மேலாளர் என்பவர் கலைஞரின் சார்பில் நிற்பவர். எந்நாளில், எவ்வூரில், எத்தொகைக்கு நிகழ்ச்சி என்று முடிவு செய்து எழுத்தில் பெறுவது, பயணமும் தங்குமிடமும் ஏற்பாடு செய்வது, பதிவு நிறுவனத்துடன் பேசுவது, வரவு செலவு எழுதுவது ஆகியன அவர் கடமைகள். அமெரிக்காவில் கலைஞரின் வருவாயில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை மேலாளர் பெறுவது வழக்கம். நிகழ்ச்சிகளை மட்டும் பெற்றுத்தரும் முகவர் நூற்றுக்கு 10 பெறுவார். கலைஞரை உருவாக்குதல் என்பது குரற்பயிற்சியோடு முடிவதன்று. தகுந்த பாடலைத் தேர்தல், ஒத்திகை, மேடைப் பழக்கம், உடல்நலம் பேணல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

எல்லாவற்றினும் முதன்மையானது உரிமை பற்றிய அறிவு. ஒரு பாட்டில் இரண்டு உடைமைகள் உண்டு. சொல்லும் மெட்டும் ஓர் உடைமை; அதனைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றோர் உடைமை. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், இசைத்தட்டு ஒன்றுக்குப் பாடலின் உரிமையாளருக்கு 2 சென்ட் என வகுத்தது. அவ்வீதம் 1977 முடியும்வரை மாறவில்லை. ஓர் இலட்சம் தட்டுகள் விற்றால் 2,000 டாலர். அதில் பாதி பதிப்பாளருக்கு, பாதி பாடலாசிரியருக்கு என்பதே பொதுவான பங்கீடு. பதிப்பாளர் வெளியார் எனின் 1,000 டாலர் சமுதாயத்தை விட்டு வெளியே போகும். பதிப்பாளரும் நம்மவராயின் அது நம்மிடையே தங்கும். மார்ட்டினும் மாரிஸும் பதிப்பகம் நடத்தியதன் பொருள் இக்கணக்கில் விளங்கும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "இறைவனைப் பாடுவது ஊழியம், அதற்குக் கூலி பேசலாமா?" என்பர். பக்தியை நாம் மதிக்கிறோம். கூலியே வேண்டாம் என்று மனமுவந்து பாடுவோரையும் வணங்குகிறோம். ஆனால் அதே கூட்டத்தில் பந்தல் போட்டவருக்குக் கூலி உண்டு. ஒலிபெருக்கி வைத்தவருக்குக் கூலி உண்டு. துண்டறிக்கை அச்சிட்டவருக்கும் உண்டு. பாடியவருக்கு மட்டும் ஊழியம் என்றால், அது நீதியாகுமா? ஊழியமாகத் தருவது பாடுபவரின் விருப்பமாக இருக்கவேண்டும். பிறர் அவர்மேல் சுமத்தும் கட்டளையாக இருத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் சட்டம் துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பதிவுரிமையை மற்றவருக்கு அளித்தாலும், தமக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகையை விட்டுக்கொடுக்க இயலாது என்று அத்திருத்தம் காக்கிறது. அத்தகையோரின் உரிமைத்தொகையைத் திரட்டும் ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கம் 1969 முதல் இயங்குகிறது. எமது மாணவர் கையொப்பமிட்டது இத்திருத்தத்திற்கு முன். அன்று அவர் பக்கத்தில் விவரம் அறிந்த ஒருவர் இருந்திருந்தால், கையொப்பமிடும் முன்னரே தடுத்திருப்பார்.

இன்று ஒலிநாடா மறைந்துவிட்டது, யூடியூப் வந்துவிட்டது. கருவி மாறினும் கேள்வி மாறவில்லை. அலைவரிசை யார் பெயரில் உள்ளது? வருவாய் எவர் வங்கிக் கணக்கிற் சேர்கிறது? பாடும் இளைஞர் இவ்விரண்டையும் முதலில் கேட்கவேண்டும்.

இத்தொழிலுக்குச் சிறப்பான குரல் தேவையில்லை. வணிகவியல், சட்டம், கணக்கியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பயில்க. ஆங்கிலமும் தமிழும் பிழையறக் கற்க. ஏதேனும் ஒரு பாடற்குழுவிற்கு ஓராண்டு கணக்கெழுதிப் பழகுக. ஒன்றை மட்டும் மறவாதீர்: நம்மவர் என்பதாலேயே மேலாளர் நேர்மையுடையவர் ஆகிவிடார். ஆதலின் பாடுபவரும் கணக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கணக்குக் காட்டுபவரும் ஆண்டுதோறும் தாமே முன்வந்து காட்டவேண்டும்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் கழகக் கட்டடத்தில் ஒப்பந்தம் படிக்கும் வகுப்பு ஒன்றை நடத்த இசைவு தருக. பாடகர், பறை இசைப்போர், பேண்டு வாத்தியக் குழுவினர் எவராயினும், எம்மதத்தினராயினும், கையில் உள்ள தாளைக் கொண்டுவரட்டும், உட்கார்ந்து படிப்போம். கற்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். 1999இல் செய்யத் தவறியதை இனியேனும் செய்ய விழைகிறோம்.