நர்ஸிங் படிக்கப் பணத்திற்கு வழி

(வரதய்யபாளையத்தில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, முப்பது வருஷத்திற்கு மேல் சர்க்கார் ஆபீசில் ஃபைல் பார்த்தவன். பேச்சாளன் அல்ல. இன்று பேச ஒப்புக்கொண்டதற்குக் காரணம், நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன் என் ஒன்றுவிட்ட தம்பி என்னைத் தேடி வந்தான். கிராமத்துக் கோவிலில் அர்ச்சகர். பெண் பிளஸ் டூ முடித்து, நர்ஸிங் படிக்க வேண்டும் என்கிறாள். பாங்கில் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார்களாம், "அண்ணா, நீங்கள் போடணும்" என்றான். நான், "நைட் டூட்டி, எல்லாரையும் தொட்டுத் தூக்கணும், நம்மாத்துக்குச் சரிப்படுமா?" என்று உபதேசம் செய்து அனுப்பினேன். வாசல் வரை போன அந்தப் பெண் திரும்பி வந்து, "மாமா, பணம் இல்லைன்னு சொல்லுங்கோ, ஒத்துக்கறேன். படிக்கக் கூடாதுன்னு சொல்லாதேங்கோ" என்றாள்.

அந்தத் தொகைக்கு மூன்றாம் நபர் ஜாமீனே தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. விதியை விசாரித்துச் சொல்ல வேண்டிய நானே சொல்லவில்லை. தம்பி சங்கிலியை அடகு வைத்து, வெளிமாநிலத்தில் சீட் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜெண்டிடம் அட்வான்ஸ் கொடுத்தான். அந்தக் காலேஜுக்கு அங்கீகாரமே கிடையாது. பணமும் போயிற்று, ஒரு வருஷமும் போயிற்று.

இனி விஷயத்திற்கு வருகிறேன்.

முதலில் படிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.என்.எம். 2 வருஷம், ஜி.என்.எம். 3 வருஷம், பி.எஸ்ஸி. நர்ஸிங் 4 வருஷம். ஜி.என்.எம். முடித்து வேலை பார்த்துக்கொண்டே சேமித்து, பிறகு 2 வருஷ போஸ்ட் பேஸிக் பி.எஸ்ஸி. படித்துப் பட்டதாரியாகலாம். கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இது நல்ல படிக்கட்டு. எதில் சேர்ந்தாலும், இந்திய நர்ஸிங் கவுன்சில், மாநில கவுன்சில் ஆகியவற்றின் அங்கீகாரத்தை நீங்களே சரிபார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். ஏஜெண்டின் வாய்வார்த்தை வேண்டாம்.

பணத்திற்கு நான்கு வழிகள்.

ஒன்று, கட்டணம் குறைந்த இடம். நமக்குப் பக்கத்திலேயே திருப்பதியில் ஸ்விம்ஸ் நர்ஸிங் கல்லூரி இருக்கிறது. மங்களகிரி எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை மத்திய அரசு நிறுவனங்கள். 2019-ல் வந்த 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு அங்கே 10 சதவீத இடம் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்திற்குள் இருக்க வேண்டும். அத்துடன் நிலம் 5 ஏக்கருக்குக் குறைவாகவும், கிராமத்தில் வீட்டுமனை 200 சதுர கஜத்திற்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். முன்வாசலிலிருந்து கொல்லை வரை நீண்ட பழைய அக்ரஹார வீடு இந்த அளவைத் தாண்டிவிடலாம். பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

இரண்டு, மாநில அரசு கட்டணத்தை ஏற்கும் திட்டம். ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறும். 2019-க்குப் பின் வந்த விதிகளில் வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். கன்வீனர் கோட்டாவில் கிடைத்த இடத்திற்குத்தான் இது பொருந்தும், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் படிக்கட்டும் என்று குழந்தைகளை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறோம். ஆந்திராவில் 'லோக்கல்' என்று கருதப்பட, தகுதித் தேர்வோடு முடியும் 4 வருஷங்கள் தொடர்ச்சியாக இங்கே படித்திருப்பது முக்கியம். ஒன்பதாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பிளஸ் டூவுக்குப் பிறகு பணமாகத் தெரியும். மேலும் நம் மண்டலம் 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிவிட்டது. சான்றிதழ்களைப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, ராணுவ நர்ஸிங். புனே ஏ.எஃப்.எம்.சி. உள்ளிட்ட ராணுவ நர்ஸிங் கல்லூரிகளில் பெண்கள் நீட் தேர்வின் வழியாகச் சேரலாம். படிப்பு, தங்குமிடம் இலவசம். முடித்ததும் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தபடி ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். பாதியில் விலகினால் பத்திரத் தொகையைக் கட்ட வேண்டும். யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

நான்கு, பாங்க் கடன். 4 லட்சம் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்புக் காலமும் மேலும் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு கணக்கு சொல்கிறேன். வருஷ ஆரம்பத்தில் ஒரு லட்சமாக 4 வருஷம் வாங்கினால், 10 சதவீதத் தனிவட்டியில் ஐந்தாம் வருஷ முடிவில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். குடும்ப வருமானம் 4.5 லட்சத்திற்குள் இருந்து, நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரமும் இருந்தால், இந்த வட்டிக்கு மத்திய அரசின் மானியத்தைக் கேட்கலாம். கடன் வாங்கும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பாங்கில் "முடியாது" என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். என் சர்வீஸ் அனுபவத்தில், எழுத்தில் கேட்டதும் பாதி "முடியாது"கள் "பார்க்கலாம்" ஆகிவிடும்.

மானியம் கிடைக்காதவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்? மேலே சொன்ன கடனுக்கு முதல் வருஷ வட்டி மாதம் 833 ரூபாய், நாலாம் வருஷம் 3,333 ரூபாய். ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால், அதிகபட்சம் ஆளுக்கு 667 ரூபாய். படிப்புக் காலத்திலேயே வட்டி கட்டிவிட்டால் கடன் அசலோடு நிற்கும். பல பாங்குகள் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதச் சலுகையும் தருகின்றன. இதை தானமாகப் பார்க்க வேண்டாம். அந்தப் பெண் வேலைக்குப் போனதும் அடுத்த பெண்ணுக்குக் கட்டுவாள்.

தொழிலைப் பற்றித் தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1912-ல் சகோதரி சுப்பலட்சுமி சென்னையில் இளம் விதவைகளைப் படிக்க வைத்தபோது முகம் சுளித்தவர்களும் நம்மவர்கள்தான். இன்று அந்த அம்மாளைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

என் தம்பி பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மறுவருஷம் கவுன்சலிங்கில் அவளாகவே இடம் வாங்கினாள். படித்து முடித்து வேலையில் சேர்ந்து, கடனையும் அடைத்தாள். மூன்று வருஷங்களுக்கு முன் என் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, லீவு போட்டு வந்து ஒரு வாரம் இருந்தாள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று என் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தாள். தொட்டுத் தூக்கணுமே என்று சொன்னவன் நான். பழையதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் இன்று நான் பேசுகிறேன்.

எந்த ஊர்க் கிளையானாலும், இந்த வருஷம் பிளஸ் டூ எழுதும் நம் குழந்தைகளின் பெயரை எழுதி வையுங்கள். பாங்குக்குப் போகும்போது ஒருவர் கூடப் போங்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். காகிதங்களோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.