அறிந்த பின்னரே தீர்ப்பு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் மக்தப் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பற்றிப் பேசுவது என் வழக்கம். இவ்வாண்டு நானே மாணவனாக அமர்ந்த செய்தியைக் கூற விரும்புகிறேன்.

மதரஸா விடுமுறையில், கல்லூரியில் பயிலும் என் மகள் இணையவழிப் பாடமொன்றில் சேர்ந்தாள். பண்பாட்டு மானிடவியல் அறிமுகம் என்பது அதன் பெயர். மக்களின் பழக்க வழக்கங்களை, உறவு முறைகளை, சடங்குகளை அவர்களோடு வாழ்ந்து ஆராயும் கல்வி அது. "நீங்களும் சேருங்களேன், அத்தா" என்றாள். ஆங்கிலம் எனக்குக் கடினம். மார்க்கத்தைக் குறை கூறும் கல்வியாக இருக்குமோ என்ற ஐயமும் இருந்தது. எனினும் சேர்ந்தேன். இஷாவுக்குப் பின் காணொளிப் பாடம். அருகில் அகராதியும் மகளும். எட்டு வாரங்கள் இவ்வாறு கழிந்தன.

அப்பாடத்தில் முதலில் அறிமுகமானவர் மாலினோவ்ஸ்கி என்ற போலந்து நாட்டு அறிஞர். 1915 முதல் 1918 வரையிலான காலத்தில் நியூகினிக்கு அருகிலுள்ள ட்ரோபிரியண்ட் தீவுகளில் இருமுறை நெடுநாள் தங்கினார். ஊருக்குள் கூடாரமடித்து, அம்மக்களின் மொழியைக் கற்றார். அத்தீவினர் சிப்பி மாலைகளைக் கொடுத்துச் சிப்பிக் கைவளைகளைப் பெறுவதற்காகத் தோணியேறி ஆபத்தான கடலைக் கடப்பார்கள். மாலைகள் தீவுகளை ஒரு திசையில் சுற்றும். வளைகள் எதிர்த்திசையில் சுற்றும். எவரும் அவற்றை நிரந்தரமாக வைத்துக் கொள்வதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் இதை வீண்வேலை என்பார். அவரோ, அது தீவுகளுக்கிடையே நட்பையும் மதிப்பையும் கட்டிக் காக்கும் ஏற்பாடு என்பதைக் கண்டு 1922இல் நூலாக எழுதினார்.

அவர் மறைந்தபின், 1967இல் அவருடைய அந்தரங்க நாட்குறிப்பு வெளியாயிற்று. தாம் ஆராய்ந்த மக்களையே அவர் அதில் எரிச்சலோடும் இகழ்ச்சியோடும் எழுதியிருந்தது அறிஞருலகை அதிரச் செய்தது. பிறரைக் காணப் புறப்படுபவன் தன் நெஞ்சையும் பார்த்துக் கொள்ள வேண்டும் என்ற பாடத்தை நான் அங்கே பெற்றேன்.

இக்கல்வி காலனி ஆட்சியின் நிழலில் வளர்ந்தது என்ற விமர்சனமும் உண்டு. 1973இல் அதைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டவர்களுள் முக்கியமானவர் தலால் அஸத். குர்ஆன் விரிவுரையாளர் முஹம்மது அஸத் அவர்களின் மகனே அவர்.

பிறர் வழக்கத்தை அறியும் இம்முறை நமக்குப் புதியதுமன்று. அல்பீரூனி அவர்கள் சமஸ்கிருதம் பயின்று, பண்டிதர்களிடம் கேட்டறிந்து, ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் இயற்றினார்கள். வாதம் புரிந்து மறுப்பதற்காக அன்றி, இந்நாட்டவர் தம்மைப் பற்றிக் கூறுவதை உள்ளபடி எடுத்துரைப்பதற்காகவே எழுதுவதாக முன்னுரையில் தெளிவுபடுத்தினார்கள். மதரஸாவில் அவர்களின் பெயரை மட்டும் கேட்டிருந்த நான், அவர்களின் அருமையை இப்போதுதான் உணர்ந்தேன்.

ஜமாஅத்தார்களே! இனி நம் வாசலுக்கு வருகிறேன்.

ஐந்தாம் வாரம் ஒரு பயிற்சி தரப்பட்டது. நன்கு பழகிய நிகழ்ச்சியொன்றை அந்நியனைப் போல் மூன்று நாட்கள் உற்றுநோக்கி, தீர்ப்புக் கூறாமல் எழுத வேண்டும். மக்ரிபுக்குப் பின் குழந்தைகளோடு நம் பள்ளிவாசல் படியருகே ஓதிப் பார்க்க நிற்கும் தாய்மார்களை நான் தேர்ந்தெடுத்தேன். அவர்களில் பெரும்பாலோர் பிற சமயத்தார் என்பதை நீங்கள் அறிவீர்கள். இடையூறாக இருக்கிறது, மக்ரிபு முடிந்ததும் வாசற்கதவை அடைத்துவிடலாம் என்று சென்ற ஆண்டு நிர்வாகத்திடம் யோசனை கூறியவனும் நான்தான்.

முதல் நாள் "கூட்டம், இரைச்சல், தொல்லை" என்று எழுதினேன். அதைப் படித்த சக மாணவர் ஒருவர், "இவை நீங்கள் கண்டவை அல்ல, உங்கள் தீர்ப்புகள்" என்று குறிப்பெழுதி அனுப்பினார். நாணினேன். இரண்டாம் நாள் யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு யார் வழிவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தேன். மூன்றாம் நாள், பேரனைத் தூக்கி வந்திருந்த பூக்கார மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரியில மருந்து வாங்கிக் குடுத்தாச்சுய்யா. ஆனா இங்க வந்தாத்தான் மனசு ஆறும். எம் மகன் கைப்புள்ளயா இருந்தப்ப, பெரிய அசரத்து புள்ள பேரக் கேட்டுட்டுத்தான் ஓதுவாரு" என்றார் அவர்.

பதினோராண்டுகளாக இங்கே இமாமாக இருக்கிறேன். அப்படியில் நின்ற ஒரு குழந்தையின் பெயரையும் நான் கேட்டதில்லை. அவசரமாக ஓதி ஊதிவிட்டு உள்ளே சென்றிருக்கிறேன். எனக்கு முன்னிருந்த ஹஜ்ரத் அவர்கள் கட்டிக்காத்த உறவொன்றைத் தொல்லை என்று நான் எழுதி வைத்திருந்தேன்.

அப்படியானால் எல்லா வழக்கங்களையும் சரியென ஏற்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. புரிந்து கொள்வது வேறு. ஒப்புக் கொள்வது வேறு. நலம் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பதை அத்தாய்மார்களிடமும் கூறி வருகிறேன். ஆனால், ஒன்றைப் பற்றிய தீர்ப்பு அதைச் சரிவர அறிந்ததிலிருந்தே கிளைக்க வேண்டும் என்ற விதியை மதரஸாவில் நாங்கள் மனனம் செய்திருக்கிறோம். மனனம் செய்ததை என் வாசற்படியில் நான் செயற்படுத்தவில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தை எத்தனையோ ஜும்ஆக்களில் விளக்கியிருக்கிறேன். மனிதர் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்ற அதன் போதனை முதலில் எனக்கே உரியதாயிற்று.

ஆகவே, வாசலை அடைப்பது பற்றி நான் கூறிய யோசனையை இச்சபையில் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். படியருகே இரண்டு பலகைகளும் ஒரு விளக்கும் அமைத்துத் தாருங்கள். தொழுது வெளியேறும் நம் வாலிபர்கள் வாகனங்களைச் சற்றுத் தள்ளி நிறுத்தட்டும். குழந்தையின் பெயரைக் கேட்கும் பொறுப்பு என்னுடையது.

நம் ஊர் மக்கள் அனைவரிடையேயும் நல்லுறவை நிலைக்கச் செய்யுமாறு வல்ல நாயனிடம் இறைஞ்சி என் உரையை நிறைவு செய்கிறேன். வஸ்ஸலாம்.