இல்லாள் இசைவும் இயந்திரக் கொள்முதலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவு இயந்திரம் வாங்க விழைவார் நம்மவருள் பலர். வங்கி கடன் தர இசைகின்றது. விற்பவர் வீடு தேடி வருகின்றார். இல்லாள் மட்டும் இசைந்திலள் என்று குறைகூறுவாரும் உளர். அன்னோர்க்கு எம் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றை உரைக்க விரும்புகின்றோம்.

எமக்கு நன்செய் 5 ஏக்கர் உண்டு. 45 குதிரைத்திறனுள்ள டிராக்டர் ஒன்றை வாங்கக் கருதினோம். முன்பணத்திற்கு எம் மனைவியாரின் நகைகளை அடகு வைக்கக் கேட்டோம். உழவின் பெருமையும் ஊரார் மதிப்பும் ஒரு நாழிகை விரித்துரைத்தோம். அவர் அமைதியாகக் கேட்டிருந்து, "நம் நிலத்திற்கு ஆண்டில் எத்தனை மணி நேரம் அவ்வண்டி வேண்டும்?" என்றார். விடை கூறமாட்டாது விழித்தோம்.

மறுநாள் மாலை இருவரும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். இரு போகத்திற்கும் சேற்றுழவு உட்பட 40 மணிக்கு மேல் வேலையில்லை. பிறர் வயலில் வாடகைக்கு ஓடினாலன்றித் தவணை செலுத்த இயலாது. ஊரிலோ முன்னரே 6 வண்டிகள் உள. யாம் பள்ளி சென்றபின் ஓட்டுவார் யார்? டீசல், ஓட்டுநர் கூலி, காப்பீடு, பழுது ஆகிய இவற்றுள் ஒன்றேனும் விற்பவர் தந்த கணக்கில் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையினர் மணிக்கணக்கில் இயந்திரம் வாடகைக்கு விடுவதையும் அவரே நினைவூட்டினார். கொள்முதலைக் கைவிட்டோம்.

நிற்க. சீதனம் மனைவியின் தனியுடைமை என்று 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகலின் நகையைக் கேட்கலாமேயன்றி, கொடுத்தே தீரவேண்டும் என்னும் உரிமை கணவனுக்கு இல்லை. கண்ணகி ஒன்றும் வினவாது சிலம்பை ஈந்ததை மாணாக்கர்க்குப் பன்முறை வியந்து கற்பித்தவரே யாம். எம் இல்லத்தைக் காத்ததோ, எம் மனைவியார் வினவிய வினாவே!

ஈராண்டு கழிந்தது. எம் இளவல் ஊர் திரும்பித் தம் 7 ஏக்கரையும் சேர்த்துத் தாமே உழ முன்வந்தார். அப்பொழுது பழைய வண்டியொன்று வாங்க எம் மனைவியார் மனமுவந்து இசைந்தார். அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணை, நகையைத் தொடாமை, கணக்குப் புத்தகம் தம் கையில் இருத்தல் ஆகிய மூன்றும் அவர் விதித்தவை. இன்றளவும் தவணை தவறியதில்லை.

அன்பர்களே! மனைவியை இசைவிக்கச் சொல்வன்மை வேண்டா; கணக்கை மறையாது முன்வைத்தலே வேண்டுவது. அவர் மறுப்பாராயின், மறுப்பின் காரணத்தையும் அக்கணக்கில் எழுதிப் பாருங்கள். கடன் குடும்பத்தினுடையது, முடிவும் இருவருடையதாகுக.